ஜோசியருக்குப் பிடிபடாத முகம்

லாண்டரியில் லீவு வேண்டும் என்றால் யாரும் நேரே சூப்பர்வைசரிடம் போகமாட்டார்கள். முதலில் பெரிய மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற ஜோசியரிடம் வருவார்கள். அவர் ஈரத் துணியை இரண்டு கையாலும் இழுத்துத் தள்ளுவண்டியில் போட்டபடியே, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற சூப்பர்வைசர் அறையை ஒரு பார்வை பார்ப்பார்.

"இப்ப போகாதே. டீ குடிச்சு முடிக்கட்டும்" என்பார். இல்லாவிட்டால், "ஓடு ஓடு, நாற்காலியில சாய்ஞ்சிருக்காரு பாரு, நிமிர்றதுக்குள்ள கேட்டு வாங்கிடு" என்பார். சொன்னது சொன்னபடி நடக்கும். அதனால் வந்த பேர்தான் அது. மற்றபடி கட்டமும் தெரியாது, கைரேகையும் தெரியாது. மேலே இருக்கிறவர்களின் முகத்தைப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்பும் துண்டும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற இடம் அது. தகரக் கூரை. ஒரு ஓரத்தில் மட்டும் மாடி, முதலாளியம்மாவின் அறை அங்கேதான். வெளியே மழை பெய்து ஊரே நடுங்கினாலும் உள்ளே நீராவியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் அழுக்குத் துணியைப் பிரிக்கிற மேஜை. நடுவில் மெஷின்கள். பெரிய மெஷின் ஜோசியருடையது, அடுத்தது சுருட்டையுடையது. சுருட்டைக்குத் தலையில் இருந்த சுருட்டையெல்லாம் கொட்டிப் போய்ப் பல வருஷம் ஆகிறது, பேர் மட்டும் நின்றுவிட்டது. அந்தக் கோடியில் சூடான ரோலர். விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து உள்ளே விட்டால் அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி வெளியே வரும். அதற்கப்பால் மடிக்கிற மேஜை. ஜோசியரின் மனைவி அங்கேதான் இத்தனை காலமும் நின்றிருந்தாள்.

ஜோசியர் மூன்று சூப்பர்வைசர்களைப் பார்த்தவர். முதலில் இடி. கேட்டுக்கு வெளியிலேயே கத்த ஆரம்பித்து உள்ளே வருவார். "இடிகிட்ட எதையும் மறைக்கக்கூடாது" என்பது ஜோசியரின் கணிப்பு. "கறை போகலையா, வேற யாரும் சொல்றதுக்கு முன்னால நீயே போய்ச் சொல்லிடு. குதிப்பாரு. குதிச்சு முடிச்சதும் அவருக்கே ஒரு மாதிரி ஆயிடும். 'சரி, மறுபடி போட்டுத் தொலை'ன்னுடுவாரு."

அடுத்து கல்லு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ஆள். "மூஞ்சியைப் பார்க்காதே, காலைப் பாரு. செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தா நல்ல நேரம்."

மூன்றாவதாக சர்க்கரை. எல்லாரையும் கண்ணு, ராஜா என்றுதான் கூப்பிடுவாள். "அந்தம்மா 'பார்க்கலாம் கண்ணு'ன்னா இல்லைன்னு அர்த்தம். தனியாப் போய்க் கேட்காதே. நாலு பேர் நிக்கும்போது கேளு. நல்ல பேரை விட மனசு வராது."

சர்க்கரை, மகனோடு இருக்கப் போகிறேன் என்று வேறு ஊருக்குக் கிளம்பிப் போனாள். அடுத்து யார் என்று ஜோசியரிடம் ஆளாளுக்குக் கேட்டார்கள். அவரும் தெரிந்த மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தார். விஷயம் அவர் வீட்டுச் சமையலறையில்தான் வெடித்தது.

"என்னைத்தான் சூப்பர்வைசராப் போட்டிருக்காங்க" என்றாள் மனைவி, பாத்திரம் கழுவிக்கொண்டே.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? வேலை பார்க்கத்தான்."

ஜோசியர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. கல்லூரிக்குப் போகிற மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அப்பாவை வேடிக்கை பார்த்தாள்.

"அப்பா, நாளையிலிருந்து அம்மாதான் உங்களுக்கு பாஸ்."

"போடி, எத்தனை பேரைப் பார்த்தவன் நான். இவ என்ன, தெரிஞ்ச ஆளுதானே" என்றார் ஜோசியர்.

தெரிந்த ஆள்தான். ஆனால் மறுநாள் காலை வேலைக்குப் போனதுமே தொல்லை ஆரம்பித்தது. கூப்பிடுவது எப்படி? மற்றவர்கள் அக்கா என்றார்கள், சிலர் மேடம் என்றார்கள். அவர் அக்கா என்று சொல்ல முடியுமா? மேடம் என்று சொல்ல நாக்கு புரளவில்லை. வீட்டில் கூப்பிடுகிற மாதிரி 'இந்தா' என்று கூப்பிடலாம் என்றால், அத்தனை பேர் நடுவில் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறவளை எப்படி அப்படிக் கூப்பிடுவது? அதனால் அவர் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"பெரிய மெஷின்ல சத்தம் வருது" என்பார், யாருக்கோ சொல்வது மாதிரி. "சோப்புத் தூள் தீர்ந்துபோச்சு."

அவளுக்கு அந்தச் சங்கடமே இல்லை. "ஜோசியரே, பச்சை மூட்டை எல்லாம் ஆஸ்பத்திரியோடது, தனியாப் போடுங்க" என்றாள் முதல் நாளே, எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி. சுருட்டை சிரிப்பை அடக்க முடியாமல் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

லீவு கேட்கிறவர்களுக்கு இப்போது ஏகப்பட்ட நம்பிக்கை. சொந்த வீட்டு ஆளாயிற்றே. ரோலரில் நிற்கிற பெண் ஒருத்தி வந்து கேட்டாள். "போ, தைரியமாப் போ. காலையில சிரிச்சுப் பேசிக்கிட்டேதான் வந்தா" என்று அனுப்பினார். போனவள் வந்த வேகத்தில் திரும்பினாள். லீவு இல்லை. இன்னொரு நாள் வீட்டில் இருவருக்கும் சண்டை. அழுக்கைப் பிரிக்கிறவன் வந்தபோது, "இன்னிக்கு அந்தப் பக்கமே தலை வைக்காதே" என்று எச்சரித்தார். அவன் கேட்காமல் போனான். லீவு கிடைத்ததோடு, "மாமியாருக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்ற விசாரிப்பும் கிடைத்தது.

"என்ன ஜோசியரே, கிரகம் மாறிப்போச்சா?" என்றான் சுருட்டை.

"ரெண்டு பேரையும் அவ என்ன கேட்டா?" என்று ஜோசியர் விசாரித்தார்.

"ஏன் வேணும்னு கேட்டாங்களாம். அந்தப் பொண்ணு, சும்மாதான், வீட்டுல வேலைன்னு சொல்லியிருக்கு. அப்ப அடுத்த வாரம் எடுத்துக்கோன்னுட்டாங்க. இவன் மாமியாருக்குக் கண் ஆப்பரேஷன்னான். உடனே போன்னுட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மூஞ்சியில ஒண்ணும் இல்ல, காலுல ஒண்ணும் இல்ல. காரணத்தைச் சொன்னா வேலை முடிஞ்சுது. உங்க தொழிலுக்கு வேட்டு வச்சுட்டாங்க."

ஜோசியருக்கு இது அவமானமாக இருந்ததா, ஆச்சரியமாக இருந்ததா என்று அவருக்கே விளங்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே கூரையின் கீழ் இருக்கிற பெண். காபிக்கு எவ்வளவு சர்க்கரை போடுவாள், எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவாள் என்று தெரியும். இவள் இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படி இருப்பாள் என்று மட்டும் தெரியாமல் போயிற்றே. மெஷின் சுற்றுகிற நேரமெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் பேசினால் பேனாவை எடுத்து மூடுகிறாள், திறக்கிறாள். யாராவது பேசும்போது குறுக்கே பேசுவதில்லை. வீட்டில் அவர் ஒரு வாக்கியம் தொடங்கினால் அவள்தான் முடிப்பாள்!

இன்னொன்றும் நடந்தது. வீட்டில் அவளுடைய பேச்சு குறைந்துகொண்டே வந்தது. முன்பெல்லாம் மடிக்கிற மேஜையின் கதை முழுவதும் சாப்பாட்டோடு வந்துவிடும். இப்போது வெங்காயத்தை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"பதவி வந்ததும் நம்மகிட்ட பேசறதுக்கு வாய் வலிக்குது போல" என்றார் ஜோசியர் மகளிடம், மனைவியின் காதில் விழும்படி.

"நீங்களே நேராக் கேளுங்களேன்ப்பா" என்றாள் மகள்.

"எனக்கென்ன வந்தது?"

அந்த வாரம்தான் பெரிய மெஷினின் பெல்ட் அறுந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வேன் வந்து ஆஸ்பத்திரித் துணி அத்தனையையும் ஒரே நேரத்தில் கொட்டிவிட்டுப் போனது. மாலைக்குள் திரும்பப் போக வேண்டிய துணி. ஜோசியர் மெஷினுக்குள் கைகொண்ட மட்டும் திணித்து, முழங்காலால் கதவை அழுத்தி மூடினார். கொஞ்ச நேரம் முனகிக்கொண்டு சுற்றியது. பிறகு பட்டென்று ஒரு சத்தம். கதவு இடுக்கு வழியாக நுரைத்தண்ணீர் பீறிட்டுத் தரையெல்லாம் ஓடியது. ரோலரில் நின்றவர்கள் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அவள் அறையை விட்டு வந்தாள். ஜோசியர் இடியிடம் செய்கிறதைச் செய்தார். தானே முந்திக்கொண்டார்.

"தப்பு என்னுதுதான். அதிகமாப் போட்டுட்டேன்" என்றார் சுவரைப் பார்த்து.

அவள் கத்தவில்லை. சரி, இது கல்லு வகை போலிருக்கிறது என்று நினைத்து அவர் வாயை மூடிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தார். அவள் போகவில்லை. மூன்றாவதையும் முயன்று பார்த்தார்.

"மேலே இருக்கறவங்க நல்ல மனசுக்காரங்க. நாலு பேர் எதிர்ல நம்மை விட்டுக்கொடுக்க மாட்டாங்க."

சுருட்டை இருமினான்.

"ஜோசியரே, தப்புன்னு எனக்கும் தெரியுது. ஏன் அவ்வளவு திணிச்சீங்க?" என்றாள் அவள்.

"சொன்னேனே, தப்புதான்."

"தப்பை நான் கேக்கல. ஏன்னு கேக்கறேன்."

இடி கேட்டதில்லை. கல்லு கேட்டதில்லை. சர்க்கரை, 'போகட்டும் ராஜா' என்று சொல்லிவிட்டு முதலாளியம்மாவிடம் போய்ப் போட்டுக்கொடுத்திருப்பாள். ஜோசியர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு முதன்முதலாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"துணி மொத்தமா வந்தா என்ன செய்யறது? காலையிலேயே கொஞ்சம் கொஞ்சமா வரணும். வராது. டிரைவர் ஒவ்வொரு இடத்துலயும் சண்டை போட்டுக்கிட்டு நிக்கறான். துண்டு குறையுதுன்னு அவங்க சொல்றது, நீதான் குறைச்சலாக் குடுத்தேன்னு இவன் சொல்றது. அங்க போற நேரம் பூராவும் இங்க என் தலையில விழுது. இன்னிக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளா."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு கேட்டா?"

அவள் தலையை ஆட்டிவிட்டுத் தானும் ஒரு துடைப்பத்தை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் தட்டு வைக்கவில்லை. அடுப்பையும் பற்றவைக்கவில்லை. சமையலறை ஸ்டூலில் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜோசியர், பெல்ட்டுக்குத் தண்டனை வீட்டில் வரப்போகிறது என்று நினைத்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளு."

"முதலாளியம்மா எப்படிப்பட்ட ஆளு?"

ஜோசியருக்குப் புரியவில்லை. "எதுக்கு?"

"மெஷின்ல ஒரு ஆளைக் குறைக்கச் சொல்றாங்க. ஒரு ஓட்டல் நம்மை விட்டுப் போயிடுச்சு, துணி குறைஞ்சுடுச்சு, இனிமே ரெண்டு ஆள் எதுக்குன்னு கேக்கறாங்க. யாருன்னு நான்தான் முடிவு பண்ணணுமாம். நான் வந்த மறுநாளே சொல்லிட்டாங்க."

"மறுநாளேவா? இத்தனை நாளாச் சொல்லவே இல்லையே!"

"எப்படிச் சொல்றது? ஒண்ணு நீங்க, இன்னொண்ணு சுருட்டை. உங்களை நிறுத்தினா இந்த வீடு என்னாகும்? சுருட்டையை நிறுத்தினா, புருஷனைக் காப்பாத்திக்கிட்டான்னு லாண்டரியே பேசும். அவனுக்கு ரெண்டு சின்னக் குழந்தை வேற. உங்ககிட்ட சொன்னா நீங்க அவன் பக்கத்துல எப்படி நின்னு வேலை பார்ப்பீங்க?"

ஜோசியர் தரையில் உட்கார்ந்தார். உள்ளறையில் மகள் பக்கம் புரட்டுகிற சத்தம்கூட நின்றுவிட்டிருந்தது.

"நாளைக்கு முடிவு சொல்லணும்" என்றாள் அவள். "யாரையும் குறைக்க முடியாதுன்னு சொல்லலாம்னு இருக்கேன். ஆனா வாய் வரமாட்டேங்குது. நீங்கதான் ஆளைப் பார்த்தா எல்லாம் சொல்வீங்களே. சொல்லுங்க, அவங்ககிட்ட எப்படிப் பேசணும்?"

கேட்பாரற்றுக் கிடந்த ஜோசியம் மறுபடி வாசலுக்கு வந்த மாதிரி இருந்தது. ஜோசியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேசும்போது எங்க பார்ப்பாங்க?"

"ஜன்னலை."

"கோபம் வருமா?"

"தெரியல. குரல் ஏறாது."

"சாய்ஞ்சு உட்காருவாங்களா, நிமிர்ந்தா?"

"நின்னுக்கிட்டேதான் பேசுவாங்க. நான் பாதி சொல்லும்போதே, 'சரி, முடிவைச் சொல்லு'ம்பாங்க."

ஜோசியர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்குத் தெரிந்த முதலாளியம்மா ஒரு காரின் பின்கண்ணாடியும் மாடிப்படியில் கேட்கிற செருப்புச் சத்தமும்தான் என்று தெரிந்தது. அதோடு இன்னொன்றும் உறைத்தது. இடி மிக மோசமாகக் கத்திய நாட்களெல்லாம் மாடியிலிருந்து இறங்கி வந்த நாட்கள். கல்லு செருப்பை மாட்டிக்கொண்டு விறைத்து உட்கார்ந்திருந்தது, மேலே எந்த நேரம் கூப்பிடுவார்களோ என்றுதான். சர்க்கரை எதையும் முடிவாகச் சொல்லாதது, அவள் சொன்னதை மேலே மாற்றிவிடுவார்கள் என்பதால். மூன்று பேருமே தங்களுக்கென்று ஒரு ஜோசியர் இல்லாமல் மாடியில் இருந்த அந்த ஒரு முகத்தைப் படிக்கத் திணறிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் கண்ணாடி வழியாகப் பார்த்தும் அது ஒன்று மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

"எனக்குத் தெரியல" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. ஸ்டூலிலிருந்து குனிந்து பார்த்தாள்.

"நிஜமாத் தெரியல. ஆனா ஒண்ணு செய்யலாம். நீ எங்களைக் கேக்கற மாதிரி அவங்களைக் கேளு. ஓட்டல் ஏன் விட்டுப் போச்சுன்னு கேளு."

"முதலாளியைப் போய் ஏன்னு கேக்கறதா? நல்லா இருக்கே!"

"நீ எங்களைக் கேட்டியே, யாராவது செத்தா போயிட்டோம்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளிருந்து மகள் வந்து, இன்றைக்கு நான் முட்டை பொரிக்கிறேன், ரெண்டு பேரும் பேசி முடியுங்கள் என்று அடுப்பைப் பற்றவைத்தாள். கரிந்துபோன முட்டையைத் தின்றுகொண்டே இருவரும் பேசினார்கள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்று முதலாளியம்மா மாதிரி, "முடிவைச் சொல்லு" என்றார். அவள் எதிரில் நின்று சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை குரல் நடுங்கியது. அப்புறம் பரவாயில்லை.

மறுநாள் அவள் மாடிக்குப் போன பிறகு கீழே ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. ஜோசியர் காலையிலேயே சுருட்டையைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தார். சொல்லாமல் பக்கத்தில் நிற்க அவரால் முடியவில்லை. சுருட்டை தூளை அளந்து கொட்டிக்கொண்டிருந்தான். அவன் கொட்டிய தூளில் பாதி தரையில் விழுந்தது.

அவள் இறங்கி வந்தாள். புது பெல்ட் மாட்டிய பெரிய மெஷினையும் சேர்த்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாள். இரைச்சல் அடங்கியதும் கூரையில் மழைத் தூறல் விழுவது கேட்டது.

"மெஷின்ல ஆளைக் குறைக்கல" என்றாள். "ஓட்டல் விட்டுப் போனது துணி வெளுக்காததால இல்ல. வேன்ல போறவன் பேச்சு தாங்காமதான் போயிருக்காங்க. முதலாளியம்மாவே சொன்னாங்க. இனிமே டிரைவர் வண்டி ஓட்டறதோட சரி. துணி வாங்கறதுக்கும் குடுக்கறதுக்கும் கூட ஒரு ஆள் போகணும். ரெண்டு மெஷினையும் சுருட்டை பார்த்துக்கட்டும், மடிக்கற பக்கத்திலிருந்து ஒருத்தரைத் துணைக்குத் தர்றேன். ஜோசியர் வேன்ல போகட்டும். போன ஓட்டல் திரும்பி வருதான்னு பார்த்துட்டு மேற்கொண்டு பேசலாம்னு சொல்லியிருக்காங்க."

சுருட்டை தூள் டப்பாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். எல்லார் கண்ணும் ஜோசியர் பக்கம் திரும்பியது. அவருக்கு முகம் சூடேறியது. நேற்று முட்டை தின்றுகொண்டு அவ்வளவு பேசினோமே, வேன் என்று ஒரு வார்த்தை சொன்னாளா? வெயிலிலும் மழையிலும் மூட்டை சுமக்கவா இவ்வளவு வருஷம் மெஷினில் நின்றது?

"ஏன்?" என்றார். சுவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தே கேட்டார்.

"அங்க ஒவ்வொரு இடத்துலயும் ஒரு ஆள் இருக்காங்க. ஒருத்தங்க கத்துவாங்க, ஒருத்தங்க வாயே திறக்கமாட்டாங்க. ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசத் தெரிஞ்சவர் இங்க வேற யாரும் இல்ல. மேல நின்னு பேசும்போதுதான் எனக்கே தோணுச்சு. முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க. வீட்டுக்கு வந்து சொல்லாதீங்க."

ரோலரில் நின்ற பெண்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். ஜோசியருக்கும் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

"போய்ப் பார்க்கறேன்" என்றார்.

மூட்டை கனமாகத்தான் இருந்தது. முதல் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் போகிற இடமெல்லாம் புது முகம். ஆஸ்பத்திரித் துணி அறையில் ஒரு நர்ஸ், எண்ணி முடிக்கும்வரை மூச்சுவிடக் கூடாது என்கிற ரகம். ஒரு விடுதிக்காரர் துணியைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசுகிற ரகம். டிரைவர் வண்டியிலேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்கப் பழகிக்கொண்டான். துணி காலையிலேயே வந்து சேர ஆரம்பித்தது.

விட்டுப் போன ஓட்டலுக்கு அவர் கடைசியாகத்தான் போனார். துணி அறை அடித்தளத்தில் இருந்தது. பொறுப்பில் இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். ஜோசியர் அவள் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் இல்லை. காலைப் பார்த்தார், மேஜை மறைத்தது. பழக்க தோஷத்தில் இன்னும் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, போதும் என்று விட்டுவிட்டார்.

"நீங்க ஏன்மா எங்களை விட்டுட்டீங்க?" என்று கேட்டார்.

யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் போல அந்த அம்மாள் ஆரம்பித்தாள். குறைந்துபோன துண்டுகள், மாறி வந்த விரிப்புகள், டிரைவர் ஒரு நாள் கல்யாண விருந்தாளிகளுக்கு எதிரில் சொன்ன வார்த்தை. ஜோசியர் குறுக்கே பேசவில்லை. ஒரு காலி மூட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்து கேட்டார். அவள் சொல்லி முடித்துத் தண்ணீர் குடித்தாள்.

"இவ்வளவையும் உங்ககிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? மேல இருக்கறவங்க காது குடுத்துக் கேக்கணுமே. முன்ன ஒரு அம்மா இருந்தாங்க, எல்லாத்துக்கும் சரி கண்ணு, சரி கண்ணும்பாங்க. ஒண்ணும் நடக்காது. இப்ப யாரு?"

"புதுசா ஒருத்தங்க வந்திருக்காங்க."

"எப்படி அவங்க? நல்ல மாதிரியா?"

ஜோசியர் மூக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டார். வெளியே வேன் இரண்டு முறை ஹாரன் அடித்தது.

"இன்னும் முழுசாப் பிடிபடலம்மா" என்றார். "ஆனா கேப்பாங்க. நீங்க சொன்னா கேட்டுக்குவாங்க. நாளைக்கே கூட்டிட்டு வர்றேன், நீங்களே நேர்ல பேசுங்க."

"கூப்பிட்டா வருவாங்களா? உங்களுக்கு அவ்வளவு பழக்கமா?"

"கொஞ்சம் பழக்கம்தான்" என்று எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.